தேவைக்கு மேல் தெளிவான படம்

கத்துகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. கத்துகிறவனோடு நானும் கத்தலாம், பிறகு இரண்டு பேரும் களைத்துப்போய்ப் பேசாமல் இருக்கலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வருவது மரியாதையானவர்களைக் கண்டால்தான். "மன்னிக்க வேண்டும்" என்று சொல்லிக்கொண்டே ஆளை முடிக்கிறவர்கள். அப்படியான இரண்டு பேரோடு ஒரு முழுநாள் நின்றிருக்கிறேன். அவர்கள் எனக்குக் கோப்பி கூட வாங்கித் தந்தார்கள். அதை நான் குடித்தும் விட்டேன், வெட்கக்கேடு.

இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய காலம் அது. விட்டுவந்த ஊரில் சண்டை நின்று சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் நம்பவில்லை. நான் மொன்றியலில், சென்ட் லோரன்ட் பகுதியில் படம் கழுவும் ஒரு கூடத்தில் வேலை செய்தேன். கல்யாணப் படம், பிறந்தநாள் படம் அல்ல. விமானத்தின் வயிற்றில் பூட்டிய கமராவால் நிலத்தை எடுக்கிற படம். ஃபிலிம் ஒரு சாணுக்கு மேல் அகலம். சுருளைத் தூக்கினால் சின்னப் பிள்ளையைத் தூக்குகிற பாரம். ரோடு போடுகிறவர்களும் காடு அளக்கிறவர்களும் கொண்டுவந்து தருவார்கள். ஊரெல்லாம் டிஜிட்டலுக்கு மாறிய பிறகும் இந்த ஒரு வேலை ஃபிலிமிலேயே நின்றது. என் கையில் ஒரு சுருள் கூடப் பழுதானதில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அதுதான் எனக்கு வினையானது.

எங்கள் வீடு செயின்ட்-மிஷேலில், இரண்டாம் மாடி. மொன்றியல் வீடுகளுக்கே உரிய இரும்புப் படிக்கட்டு வெளியே தொங்கும். பனிக்காலத்தில் அதில் ஏறி இறங்குவதே ஒரு தண்டனை. பின்னால் ஒரு ஒழுங்கை, ஒடுங்கின சந்து, அதற்கு அப்பால் இரண்டு ஆள் உயரத் தகர வேலி. வேலிக்கு உள்ளே வரிசையாகப் பழைய கொண்டெய்னர்கள். அவற்றுக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று எங்கள் மாடியில் இருந்து பார்த்தாலும் தெரியாது. மணம் மட்டும் வரும். பெயின்ற் கரைக்கிற தின்னரும் அழுகின முட்டையும் கலந்த மணம். மழை பெய்த மறுநாள் கூடுதலாக வரும். வேலியோரம் என் மனைவி போட்ட தக்காளிக் கன்றுகள் இரண்டு வருடம் தொடர்ந்து கருகின.

கன்று கருகினால் போகட்டும். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. நெஞ்சு விசில் அடிக்கும். மூச்சுக்கு அடிக்கிற பம்ப் இல்லாமல் பள்ளிக்கூடம் போக முடியாது. படிக்கட்டில் பாதியில் நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்பி வரும்வரை எங்களைப் பார்ப்பாள். அழ மாட்டாள், அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது தொழிற்சாலை இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். அன்றிலிருந்து என் மனைவி நகரசபைக்கு போன் அடிக்கத் தொடங்கினாள். தெரிந்த பிரெஞ்சு, தெரியாத பிரெஞ்சு எல்லாவற்றையும் போட்டு அடித்தாள். கடைசியில் ஒரு பரிசோதகர் வந்தார். முன் வாசலால் போனார், முன் அறையில் அவரை உட்கார வைத்தார்கள், முன் வாசலாலேயே திரும்பி வந்தார். இரண்டு கிழமையில் கடிதம் வந்தது: பார்த்த அளவில் முறைகேடு எதுவும் காணப்படவில்லை.

"பாக்காட்டி எப்பிடிக் காணுறது?" என்று என் மனைவி கடிதத்தைப் பார்த்துக் கேட்டாள். "மேல போய்ப் பாத்தாத்தான் தெரியும். ஆர் மேல போறது?"

மேலே போகிறவர்கள் வந்தார்கள்.

நாடுகளுக்கு இடையில் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. ஒரு நாட்டின் விமானம் ஆயுதம் இல்லாமல் இன்னொரு நாட்டுக்கு மேல் பறந்து, யுத்தத் தாங்கி எத்தனை, பீரங்கி எத்தனை என்று படம் எடுக்கலாம். ஒளித்து வைக்கவில்லை என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ளத்தான். மூன்று நாள் முன்னதாக அறிவித்துவிட்டு வருவார்கள். வருகிற விமானத்தில் இந்த நாட்டுக்காரரும் ஏறி உட்காருவார்கள். படத்தை இரண்டு பக்கத்தாரும் பார்த்து நிற்கக் கழுவ வேண்டும். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு பிரதி. எவ்வளவு மரியாதை! ஊரில் எங்களுக்கு மேல் பறந்து குண்டு போட்ட பொம்மரும் கெலிகொப்டரும் ஒருநாளும் அறிவித்துவிட்டு வரவில்லை. இதை எனக்கு விளங்கப்படுத்திய அன்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினேன்.

அந்த வசந்தத்தில் மொன்றியல் நடுநகரத்தில் ஒரு ஹோட்டலில் அந்த ஒப்பந்த நாடுகளுக்கு மாநாடு. இதே விமானங்களைச் சுற்றாடல் பாதுகாப்புக்கும் பயன்படுத்தலாமா என்று பேசப் போகிறார்களாம். ஆற்றில் கலக்கிற எண்ணெய், கழிவுக் கிடங்கு, வெள்ளம் எல்லாம் மேலிருந்து தெரியுமே. அதற்கு முன்மாதிரியாக நகரத்துக்கு மேல் ஒரு பறப்பு வைத்தார்கள். ஃபிலிம் எங்கள் கூடத்துக்கு வந்தது. கழுவும் வேலை எனக்கு. வாய் திறக்க மாட்டேன் என்று முதலில் ஒரு கடதாசியில் கையெழுத்து வாங்கினார்கள்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இந்த நாட்டின் அதிகாரி, நரைத்த தாடி, மெல்லிய குரல். மற்றவர் ஐரோப்பாவில் இருந்து வந்த ஒரு பெண் அதிகாரி, எதைச் சொன்னாலும் குறிப்புப் புத்தகத்தில் எழுதுகிறவர். இருட்டறையிலும் என்னோடு நின்றார்கள். சுருள் காய்ந்து வந்ததும் மூன்று பேருமாக வெளிச்ச மேசையில் விரித்தோம். ஆறு, துறைமுகம், கல்லுடைத்த பெரிய பள்ளம், பிறகு எங்கள் பகுதி.

நான் லூப்பை, படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியை, வைத்துப் பார்த்தேன். எங்கள் தெரு. எங்கள் ஒழுங்கை. தகர வேலி ஒரு மெல்லிய கோடு. கொண்டெய்னர்களுக்கு அந்தப் பக்கம் பீப்பாய்கள். ஒன்று இரண்டு அல்ல, வளவு நிறைய. வட்டம் வட்டமாக அடுக்கி, சில சாய்ந்து, சில வாய் திறந்து கிடந்தன. அவற்றின் கீழிருந்து ஒரு கறுப்புக் கறை நிலத்தில் ஊறி, வேலிக்கு அடியால் வந்து, என் மனைவியின் தக்காளிப் பாத்தி வரை படர்ந்திருந்தது.

என்னையறியாமல் சிரித்துவிட்டேன். சந்தோசத்தில்தான். இத்தனை நாள் ஒருவரும் காணாததைக் கண்டுவிட்டேன். அதுவும் யாரோடு? சுற்றாடல் பாதுகாப்புக்கென்று கடல் கடந்து வந்தவர்களோடு. கடவுளே கொண்டுவந்து விட்டதுபோல் இருந்தது.

"இங்கே பாருங்கள்" என்று இரண்டு பேரையும் கூப்பிட்டேன். பீப்பாய்களைக் காட்டினேன். கறையைக் காட்டினேன். மகளின் நெஞ்சைப் பற்றிச் சொன்னேன். நரைத்த தாடிக்காரர் குனிந்து பார்த்து, "இதற்காகத்தான் நாங்கள் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். அந்த அம்மாவின் முகமும் உண்மையாகவே வாடியது. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

மூடவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு குணம் இருக்கிறது. செய்த வேலை நல்லாக வந்தால் அதை நாலு பேர் சொல்லிக் கேட்க வேண்டும். ஒருவரும் சொல்லாவிட்டால் நாங்களே எடுத்துக் கொடுப்போம். படம் எவ்வளவு சுத்தமாக வந்திருக்கிறது என்று அவர்கள் சொல்லவில்லை. நான் சொன்னேன். "பாருங்கள், இது எங்கள் வீட்டுப் படிக்கட்டு. ஒவ்வொரு படியையும் எண்ணலாம். பதினேழு. எண்ணிப் பாருங்கள்!"

அந்த அம்மா எண்ணினார். பதினேழு. லூப்பைக் கீழே வைத்தார். ஒரு படியின் அகலம் என்ன என்று கேட்டார். நான் கையால் காட்டினேன், ஒரு சாண். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. தாங்கியையும் லொறியையும் பிரித்து அறிய வேண்டிய அளவுக்குத்தான் படம் தெளிவாக இருக்கலாம். ஏறத்தாழ ஓர் அடிக்குச் சிறியது எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தால் அது வேவு. அதற்காகத்தான் இவ்வளவு உயரத்துக்குக் கீழே இறங்கிப் பறக்கக் கூடாது என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் செயின்ட்-மிஷேலுக்கு மேல் முகில் இறங்கியிருக்கிறது. முகிலுக்குக் கீழே போக விமானமும் இறங்கியிருக்கிறது. பறப்புப் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். சரிதான், ஒன்பது படங்கள் விதித்த உயரத்துக்குக் கீழே போய் எடுத்தவை. நான் சொல்லியிராவிட்டால் ஒருவரும் படி எண்ணியிருக்க மாட்டார்கள்.

"மன்னிக்க வேண்டும்" என்றார் தாடிக்காரர். "இந்த ஒன்பதையும் அழிக்க வேண்டும்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. தெளிவில்லாத படத்தை அழிப்பது என் வேலையில் வழக்கம். தெளிவாக இருப்பதற்காக ஒரு படத்தை அழிப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். ஒன்றே ஒன்றைத் தாருங்கள், நகரசபைக்குக் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றேன். படங்கள் நாடுகளுக்குச் சொந்தமானவை, தனி ஆளுக்குத் தர வழியில்லை என்றார் அந்த அம்மா. சரி, நீங்களாவது நகரசபைக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கள் என்றேன். தாடிக்காரர் என் தோளில் கை வைத்தார்.

"அழித்த பிறகு அப்படி ஒரு படமே இல்லை. இல்லாத படத்தில் இருந்ததை நாங்கள் எப்படிச் சொல்வது?"

அந்தக் கையை நான் தட்டிவிடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எரிச்சல் வருகிறது. ஆனால் என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. வாய் திறக்க மாட்டேன் என்ற கடதாசியில் என் கையெழுத்து இருந்தது. ஒரு படத்தை ஒளிக்கலாமா என்றும் யோசித்தேன். நெஞ்சு துணியவில்லை. கூடத்து விதிப்படி சுருளில் கை வைப்பவன் நான் ஒருவன்தான். ஆகையால் வெட்டியதும் நான். ஒன்பது படங்களையும் கத்தரித்து எடுத்து, கடதாசி கிழிக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாக விட்டேன். அவர்கள் நின்று எண்ணினார்கள். பிறகு அழித்ததற்கான பத்திரத்தின் மூன்று பிரதிகளில் மூன்று பேரும் கையெழுத்து வைத்தோம். போகும்போது அந்த அம்மா என் கையைக் குலுக்கி, இவ்வளவு நேர்த்தியாகக் கழுவிய ஃபிலிமைத் தான் பார்த்ததில்லை என்றார். ஹோட்டலில் பிற்பகல் அமர்வுக்கு நேரமாகிவிட்டது என்று இருவரும் டாக்சி பிடித்தார்கள்.

வீட்டுக்கு வந்து கடதாசியை மீறி மனைவிக்குச் சொன்னேன். அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள், சீப்பு அப்படியே நின்றது.

"என்னப்பா சொல்லுறியள்? அவ்வளவு வடிவாத் தெரிஞ்சதை ஏன் வெட்டினவை?"

"வடிவாத் தெரிஞ்சதாலதான்."

"அவைக்கு விசரே?" அவள் சீப்பை மேசையில் எறிந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "படியை எண்ணச் சொல்லி உங்களை ஆர் கேட்டது?"

"நீர் பேசாமல் இரும்" என்று கத்தினேன். கத்தியது அவளைப் பார்த்து அல்ல என்று அவளுக்குத் தெரியும். மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அடுத்த நாள் நானே நகரசபைக்கு போன் எடுத்தேன். கொண்டெய்னருக்குப் பின்னால் பீப்பாய்கள் இருக்கின்றன, ஒழுகுகின்றன, எந்த மூலையில் என்று கூடச் சொல்கிறேன் என்றேன். அதே பரிசோதகர்தான். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். கடதாசியில் வைத்த கையெழுத்து எனக்கு நினைவுக்கு வந்தது. ஊகம்தான் என்றேன். ஊகத்துக்கு ஒரு வளவைத் திறக்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்று அவரும் சொன்னார்.

மாநாடு நன்றாக முடிந்தது என்று பேப்பரில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். ஒத்துழைப்பாம். வானத்தில் இருந்து பூமியைப் பாதுகாப்பதாம். அந்தப் பேப்பரைக் கசக்கிக் குப்பையில் போட்டேன். அதுவரைக்கும்தான் என் வீரம்.

இலையுதிர் காலத்தில் மகளை ஒரு தடவை அம்புலன்ஸில் கொண்டுபோனோம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள். ஆனால் வாடகை லீஸ் அடுத்த ஜூன் வரை இருந்தது. அதைப் பொறுப்பெடுக்க வேறு ஆள் கிடைத்தால் மட்டும் போகலாம் என்றார் வீட்டுக்காரர். தமிழ்க் கடைக் கண்ணாடியில் வீடு வாடகைக்கு என்று ஒரு துண்டு எழுதி ஒட்டினேன்.

பார்க்க வந்தவள் ஓர் இளம்பெண், ஊரில் இருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடுப்பில் ஒரு குழந்தை. மனைவியும் மகளும் அப்போது வீட்டில் இல்லை. அறைகளைப் பார்த்தாள், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தாள், பின் ஜன்னலில் நின்றாள்.

"நல்ல வீடுதானே, அண்ணை. ஏன் வெளிக்கிடுறியள்?"

"வேலைக்குக் கிட்டவாப் போறம், தங்கச்சி."

"பின்னுக்கு என்ன, அந்த வேலிக்கு அங்கால?"

வாய்வரை வந்தது. சொன்னால் அவள் போய்விடுவாள். போனால் இன்னொரு பனிக்காலம் என் பிள்ளை இந்தப் படிக்கட்டில் மூச்சுக்கு நிற்பாள். அந்த இரண்டு அதிகாரிகள் மேலும் நான் வளர்த்து வைத்திருந்த கோபம் எதுவும் எனக்கு உதவவில்லை.

"ஏதோ ஸ்டோர் ஒண்டு" என்றேன். "நாங்கள் ஒண்டும் கண்டதில்லை."

அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, லீஸ் கடதாசியைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அண்ணை" என்றாள்.