டோக்கன் அக்காவும் விட்டுப்போன ஒன்பது பேரும்

எங்கள் கணினி அறையில் கொட்டாவியை மறைக்கக்கூட முயலாத ஒரே ஆள் டோக்கன் அக்காதான். வயது ஐம்பத்தொன்று. எங்கள் மருத்துவமனையில் இருபது வருட வேலை. காலையில் இரண்டு பஸ் மாறி வருவார், பையை நாற்காலியில் மாட்டுவார், உட்கார்ந்ததும் ஒரு கொட்டாவி. பார்க்கிற நமக்கும் தொற்றிக்கொள்ளும். வீட்டில் முதுகுத்தண்டு தேய்ந்து ஒன்றரை வருடமாகப் படுத்திருக்கும் கணவர். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாத மகள். "தூக்கமாக்கா?" என்று யாராவது கேட்டால், "தூக்கம்லாம் எப்பவோ போயிடுச்சு. இது வெறும் பழக்கம்" என்பார்.

பட்டப்பெயர் வந்தது அவருடைய வேலையால். ஸ்கேன் பிரிவும் பரிசோதனைக் கூடமும் தங்கள் முடிவுகளை நீள நீள வரிகளாக அனுப்பும். ஒவ்வொரு வரியிலும் எண், பெயர், நெருங்கிய உறவினர், தொலைபேசி, முடிவு, தேதி என்று வரிசையாக இருக்கும். நடுநடுவே ஒரு செங்குத்துக் கோடு. கோடு வரும் இடத்தில் வெட்டி, துண்டுகளை உரிய கட்டங்களில் போடுவது அக்கா எழுதிய நிரலின் வேலை. அந்தத் துண்டுக்கு எங்கள் தொழிலில் டோக்கன் என்று பெயர். ஜாவா என்கிற நிரல் மொழியில் இதற்கென்றே ஒரு பழைய கிளாஸ், அதாவது ஆயத்த அச்சு, உண்டு. அதிலிருந்து ஓர் ஆப்ஜெக்டை, சொன்ன வேலையைச் செய்யும் ஒரு பொருளை, உண்டாக்கி வரியை அதன் கையில் கொடுத்துவிட்டால் போதும். இன்னும் இருக்கிறதா என்று கேட்டால் ஆமாம், இல்லை என்று சொல்லும். அடுத்ததைக் கொடு என்றால் கொடுக்கும். பேச்சைத் தட்டாத பிள்ளை.

பதினான்கு வருடங்களாக அந்த நிரலை யாரும் தொட்டதில்லை. பக்கத்து மேசையில் பிரிண்டர்களோடு மல்லுக்கட்டும் எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. என் பொருட்கள் தினமும் மக்கர் செய்யும், அக்காவுடையது சத்தமே போடாது. சத்தம் போடாத பொருளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் நெஞ்சகப் பிரிவின் நர்ஸ் எங்கள் அறைக்கே வந்துவிட்டார். வழக்கமாகத் தொலைபேசியில் கத்துகிறவர். நேரில் வந்தபோது குரல் தணிந்திருந்தது.

"ஒரு அம்மா கவுன்டர்ல நிக்கிறாங்க. ஸ்கேன் எடுத்து அஞ்சு மாசம் ஆச்சு. திரும்ப வரச் சொல்லி டாக்டர் எழுதியிருக்காரு. ஆனா நம்ம கடிதம் போகவே இல்ல. கம்ப்யூட்டர்ல பாத்தா நலம்னு காட்டுது."

அக்கா அந்த அம்மாவின் வரியைத் திறந்தார். பெயருக்கு அப்புறம் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் இருக்க வேண்டிய உறவினர் பெயர் இல்லை. அக்காவின் கொட்டாவி பாதியில் நின்றுபோனதை நான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய கிளாஸுக்குக் காலி இடம் என்று ஒன்று கிடையாது. ஒட்டி நிற்கும் இரண்டு கோடுகளையும் ஒரே கோடாக எண்ணித் தாண்டிப் போய்விடும். அதனால் பின்னால் இருப்பதெல்லாம் ஓரிடம் முன்னே நகர்ந்துவிடும். உறவினரின் கட்டத்தில் தொலைபேசி எண், தொலைபேசியின் கட்டத்தில் முடிவு, முடிவின் கட்டத்தில் தேதி. முடிவின் கட்டத்தில் 'மறுபரிசோதனை' என்று இருந்தால் கடிதம் போகும். வேறு எது இருந்தாலும் நலம்.

"இது எனக்குத் தெரியும்டா" என்றார் அக்கா. "படிக்கிற காலத்துலயே தெரியும். அப்ப உறவினர் கட்டத்தை நிரப்பாம கவுன்டர்ல படிவத்தை வாங்கவே மாட்டாங்க. அதனால இதுவே போதும்னு விட்டுட்டேன். சோதிச்சுப் பாக்க நானே கற்பனையா நாப்பது நோயாளிங்களை உருவாக்கினேன். ஒருத்தர் விடாம எல்லாருக்கும் ஒரு சொந்தம் போட்டேன்."

உறவினர் பெயர் கட்டாயமில்லை என்று படிவத்தை மாற்றியது போன வருடம். சுற்றறிக்கை எங்களுக்கும் வந்திருக்கிறது. கோப்பைத் தேடி எடுத்தேன். எட்டுப் பக்கம், அந்த மாற்றம் ஆறாம் பக்கத்தில், வாகன நிறுத்த விதிகளுக்கு நடுவே ஒரு வரியாக இருந்தது. கீழே அக்காவின் கையெழுத்து. இப்படி ஒரு காகிதத்தை எழுதியவனை நிற்க வைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது எனக்கு. அக்கா யாரையும் திட்டவில்லை. "கையெழுத்து என்னோடதுதான். படிச்ச ஞாபகம் இல்ல. அந்த வாரம்தான் அவரை ஆஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்" என்று மட்டும் சொன்னார்.

மேலாளர் வந்தார். முழுதும் கேட்டார். கதவைச் சாத்தினார்.

"சத்தமில்லாம சரி பண்ணிடுங்க. யாராவது வந்து கேட்டா அப்ப பாத்துக்கலாம்."

"வந்து கேக்க ஆள் இல்லாதவங்கதான் சார் அந்தக் கட்டத்தைக் காலியா விட்டிருக்காங்க" என்றார் அக்கா. இருபது வருடத்தில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை. ஆனால் மேலாளர் சாத்திய கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார்.

திருத்தம் பத்து நிமிட வேலைதான். பழைய கிளாஸை எடுத்துவிட்டு ஸ்ப்ளிட் என்கிற முறையைப் போட்டார். அது நடுவில் வரும் காலி இடத்தையும் ஒரு துண்டாக எண்ணும். வரியின் கடைசியில் காலி வந்தால் மட்டும் உதறிவிடும். அதையும் விடாதே என்று சொல்ல ஒரு மைனஸ் ஒன்று சேர்க்க வேண்டும். சேர்த்தார். பத்து நிமிடத்தில் முடிகிற காரியம் பதினான்கு வருடம் காத்திருந்ததை நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருந்தது.

பிறகு, படிவம் மாறிய நாளிலிருந்து வந்த எல்லா வரிகளையும் நிரலைப் புதிதாக வெட்டச் சொன்னார். உறவினர் இடம் காலியாக இருந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் மறுபரிசோதனைக்கு அழைத்திருக்க வேண்டியவர்கள் ஒன்பது பேர். நர்ஸ் உடனே எல்லாரையும் கூப்பிடத் தயாராக நின்றார். அக்கா திரையைப் பார்த்துப் பெயரும் எண்ணும் வாசிக்க, நான் எழுதினேன்.

ஏழாவது பெயரில் வாசிப்பு நின்றது.

"என்னக்கா?"

"எங்க அண்ணன்."

அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். மனைவி இறந்தபின், அதே நகரத்தின் மறுகோடியில் ஒற்றை அறையில் தனியாக இருந்தார். அக்காவுக்கு உடன்பிறந்தவர் அவர் ஒருவர்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசிக்கொள்வார்கள் என்பது எனக்குத் தெரியும். பேச்சு பெரும்பாலும் இரண்டு நிமிடம் தாண்டாது. அவர் ஸ்கேன் எடுத்ததே அக்காவுக்குத் தெரியாது. எடுத்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

மீதி இரண்டு பேரையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் அக்கா எழுந்தார். அது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். பஸ்ஸுக்கு விடாமல் என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும், "மாப்பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

மறுநாள் காலை ஸ்கேன் எடுத்தார்கள். மதியம் மருத்துவர் உள்ளே கூப்பிட்டார். படத்தில் ஒரு புள்ளியைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "வெட்டி எடுத்துடலாம். அடுத்த வாரமே செய்வோம். ஆனா ஏழு மாசத்துக்கு முன்னாடி இது இதுல பாதிதான் இருந்துச்சு. பரவியிருக்கான்னு உள்ள போனாத்தான் தெரியும்."

வெளியே நடைவழியில் ஒரு நீள பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். அக்கா நடந்தது அனைத்தையும் அண்ணனிடம் சொன்னார். தான் எழுதியது, தான் கையெழுத்துப் போட்டது, எதையும் மறைக்கவில்லை. கேட்கச் சங்கடமாக இருந்தது எனக்கு. எழுந்து போகலாமா என்று நினைத்தேன். போகவில்லை.

அண்ணன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கோபம் வரவில்லை. அக்காவுக்குத்தான் வந்தது.

"நான் ஒருத்தி உயிரோடதானே இருக்கேன்? அந்த இடத்துல என் பேரை எழுதினா என்ன? யாருமே இல்லாத ஆளு மாதிரி ஏன் விட்டே?"

அண்ணன் எதிர்ச் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"கவுன்டர்ல படிவம் எழுதுற பொண்ணு கேட்டா. உன் பேரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். அப்புறம், போன்ல நீ 'ம், சொல்லு'ன்னு ஒரு குரல்ல பேசுவியே, அது ஞாபகம் வந்துச்சு. பாவம், அவளுக்கே அங்க ஆயிரம் இருக்கு, இதுல நான் வேறயான்னு விட்டுட்டேன்மா."

அக்கா அண்ணனின் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சரி சரி" என்றார் அண்ணன், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. "மணி மூணாச்சு. இங்க மீதியை நான் பாத்துக்கிறேன். நீ போய் ஒரு மணி நேரமாவது படு."

அப்போதுதான் அக்கா அழுதார்.