வாழ்த்து மடலில் உள்ள பிழை

அந்தத் தேர்தல் வருமுன் என் நிலை இது: வில்லியனூர்க் கடைத்தெருவில் ஜவுளிக்கடை, வணிகர் சங்கத்துக்கு மூன்றாம் முறையாகத் தலைவர், கல்லூரியில் மதச்சார்பின்மை பற்றிப் பேசிப் பித்தளைக் கோப்பை வாங்கியவன். கோப்பை இன்னும் கல்லாவுக்கு மேலே இருக்கிறது. அந்தப் பேச்சில் ஒரு வரிகூட நினைவில்லை.

சென்ற வாரம் சங்கத்தார் எனக்கு வாழ்த்து மடல் வாசித்தளித்தார்கள். வீட்டில் சுருளைப் பிரித்தபோது அச்சு மையின் வாடை எழுந்தது. மை என்றாலே எனக்கு வாக்குச்சாவடி மைதான். அதன் பின்னாலேயே முத்திரைக்கு உருக்கும் அரக்கின் நெடியும் வந்துவிடும்.

அந்தத் தேர்தலன்று நான் சாவடியில் ஒரு வேட்பாளரின் முகவர். கஞ்சி போட்ட சட்டை, சொந்தப் பிளாஸ்க். பிறர் தரும் தேநீரைக் குடித்தால் நடுநிலை கெட்டுவிடுமாம். கட்சி முகவனுக்கு என்ன நடுநிலையோ! பக்கத்தில் அரிசி மண்டி தனசேகர். பெயருக்குச் சுயேச்சை ஒருவரின் முகவர், உண்மையில் எங்கள் ஆள். காலையிலேயே காதோடு சொன்னார்: "பள்ளிவாசல் தெரு ஓட்டு நம்மளுக்கு வுழாது சார். வரிசய கொஞ்சம் இழுத்தடிச்சா, வெயில்ல பாதி பேரு வூட்டுக்குப் பூடுவாங்க."

நான் பதில் சொல்லவில்லை. அதைக் கண்ணியம் என்று எண்ணிக்கொண்டேன்.

பத்து மணிக்குப் பள்ளிவாசல் தெரு ஷமீமா புர்கா அணிந்து வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக என் கடைக்குப் பாவாடை தைத்துத் தந்தவர். அவர் மூட்டையை அவிழ்த்தால் தையல் இயந்திர எண்ணெய் மணக்கும். "அண்ணே, எண்ணிக்கிங்க" என்னும் அந்தக் குரலைத் திருவிழாக் கூட்டத்திலும் அடையாளம் சொல்வேன். புர்கா எனக்கு ஒரு மறைப்பே அன்று.

"இன்னா சார், மூஞ்சே தெரியல. யாருன்னு நம்புறது?" என்று தனசேகர் ஆட்சேபித்தார்.

தனியே அழைத்துப்போய்ப் பார்த்துக்கொள்வதாகப் பெண் அலுவலர் சொன்னார்.

"நீங்க பாத்தா போதுமா? நாங்க பாக்க வேணாமா?"

வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார்: "யோவ், ஓட்டு வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தலைமை அலுவலர் எங்கள் பக்கம் திரும்பினார். "உள்ளூர்க்காரங்க நீங்க. இவங்கள யாருக்காவது தெரியுமா?"

"அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே," என்றார் ஷமீமா. "முந்தாநாள்கூட ரெண்டு டஜன் குடுத்துட்டு வந்தேனே."

தனசேகரின் முழங்கால் என் முழங்காலை இடித்தது. பட்டியலில் கண்ணை வைத்தபடி சொன்னேன்: "உறுதியாச் சொல்ல முடியாது."

 அத்தனை ஆண்கள் முன்னிலையில் ஷமீமா தாமே முகத்திரையை உயர்த்தினார். அலுவலரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாக்களித்துவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற அதே தெருப் பெண்கள் ஆறு பேர் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, வாக்களிக்காமலே திரும்பிவிட்டார்கள்.

எங்கள் வேட்பாளர் வென்றார். எனக்கும் ஒரு மாலை விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை மூட்டை வந்தது. "எண்ணிக்கிங்க" என்றார். 'அண்ணே' இல்லை. சில மாதங்களில் மூட்டையும் நின்றது. மூலக்குளத்துக் கடை ஒன்றுக்குத் தைக்கிறார் என்று கேள்வி. இப்போது பாவாடைகள் பிளாஸ்டிக் உறையில் வருகின்றன. எண்ணெய் வாடை கிடையாது.

மடலை எழுதிக் கொடுத்தவர் தனசேகர். 'சாவடியில் சிறுபான்மைச் சகோதரி ஒருவரைத் தடுத்தபோது, இவரை நான் அறிவேன் என எழுந்து முழங்கி, அவர்தம் முகத்திரையும் வாக்குரிமையும் காத்த பெருந்தகை' என்று அதில் இருக்கிறது. கைதட்டினார்கள், கைகூப்பி ஏற்றுக்கொண்டேன்.

அன்று சாவடியில் நான் எழவில்லை. அறிவேன் என்று சொல்லவில்லை.