செல்வி சுட்ட மக்காச்சோள பிஸ்கட்

முதலில் வயிறு உப்பியது. பிறகு முடி கொட்டியது, ஆள் பாதியானேன். வாயு, குடல்புழு, கண்ணேறு என்று ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். கடைசியில் மதுரையில் ஒரு மருத்துவர் எண்டோஸ்கோபி (வாய்வழியே சிறு கேமரா விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து, சீலியாக் நோய் (கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் சிறுகுடலைப் புண்ணாக்குவது) என்றார். மாத்திரை கிடையாது. கோதுமை, மைதா, ரவை எதுவும் வாயில் படக்கூடாது.

உங்களுக்கும் இது வந்திருந்தால் நான் சொல்வது புரியும். எந்தக் கரண்டியைப் பார்த்தாலும் இது எந்த மாவில் கிடந்ததோ என்று தோன்றும். கல்யாண வீடுகளில் பாயசத்தைக்கூடத் தொடாமல் இலையை மூடிவிடுவேன்.

அவனியாபுரத்தில் இருக்கும் என் நாத்தனார் செல்வி, எனக்காகவே மக்காச்சோள மாவில் பிஸ்கட் சுட்டுக் கொண்டுவந்தாள். வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, ஏலக்காய் சேர்த்து, நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்கு இடித்தது. கோதுமை சேராமல் இவ்வளவு பக்குவம் எப்படி வரும்? அன்று சாயங்காலமே வயிறு பிடித்து இழுத்தது. அடுத்த முறையும் அப்படியே.

மில்லில் கோதுமைக்குப் பின்னால் அரைத்திருப்பாய் என்றேன். வீட்டு மிக்ஸியில் அரைத்தாள். தட்டில் மைதா தூவியிருப்பாய் என்றேன். என் வீட்டுக்கே வந்து, என் பாத்திரத்தில், என் கண்ணெதிரே சுட்டாள். அன்றும் வலித்தது.

“மதினி, நான் என்ன உங்களுக்கு வெசமா வைக்கிறேன்?” என்று கேட்டுவிட்டுப் போனவள், பிறகு வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை.

அந்த வாரமே எடுத்த ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் (குளூட்டனை எதிர்த்து உடம்பு உண்டாக்குவது) குறையவே இல்லை. கோள் மூட்டுவதுபோல் பிஸ்கட் கதையை மருத்துவரிடம் சொன்னேன். கூட வேறென்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல டாக்டர். எதுக்கும் இருக்கட்டும்னு பின்னாடியே ஒரு டம்ளர் பெருங்காய மோர் குடிச்சிருவேன்.”

பெருங்காய டப்பாவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி என் கணவருக்குப் போன் போட வைத்தார். படம் வந்தது. சேர்மானத்தில் மைதா என்று இருந்தது. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பது வழக்கம்தானாம். தினமும் ரசத்தில் ஒரு சிட்டிகை போயிருக்கிறது. செல்வியின் பிஸ்கட்டைத் தின்ற நாட்களில் மட்டும், பயத்தில் தாராளமாகவே கரைத்துக் குடித்திருக்கிறேன். வீட்டில் எல்லா டப்பாவையும் திருப்பித் திருப்பிப் படித்தவள், அதை மட்டும் படிக்கவில்லை. அது மருந்தாயிற்றே.

மறுநாளே ஷேர் ஆட்டோ பிடித்து அவனியாபுரம் போனேன். செல்வி எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போய் ஒரு ஈடு பிஸ்கட் சுட்டு எடுத்து வந்தாள்.

“தின்னுட்டு இங்கனயே இருங்க மதினி. வலிச்சா நானும் பாக்கணும்ல.”

இப்போது குடல் ஆறிவருகிறது என்கிறார் மருத்துவர். ஆனாலும் எதைத் தின்றாலும் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. என் பொழுதெல்லாம் தின்பதற்கு முன், தின்ற பின் என்றே நகர்கிறது. அன்று செல்வி வீட்டிலும் வெயில் தாழும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். வலி வரவில்லை.

“ஒண்ணும் செய்யல செல்வி” என்றேன்.

அவள் நம்பவில்லை. என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.