மகளை நிறுக்கும் நாள்

மனைவிக்கு அரசாங்க உத்தியோகம், எனக்கு அச்சுவேலியில் தனியார் வேலை. பிரசவ லீவு, சம்பளமில்லாத லீவு எல்லாம் முடிந்து அவள் மறுபடி கந்தோருக்குப் போகும் நாள் வந்தபோது, யார் வேலையை விடுவது என்று எங்கள் வீட்டில் விவாதமே நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அரசாங்க உத்தியோகத்தை விட்டவரை யாராவது கண்டதுண்டா? மகளுக்குப் பத்து மாதமானபோது நான் வீட்டோடு நின்றேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. நானும் அதைத் தேடி அலையவில்லை.

எனக்குப் பயம் மனைவியின் தமக்கையிடம்தான். அவர் கொக்குவிலில் இருக்கிறார். போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் வந்து நிறை இருநூறு கிராம் இறங்கியதும், ஆம்பிளை வளர்த்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டார். இந்த மாதமும் ஏறாவிட்டால் பிள்ளையைக் கிழமை நாட்களில் தன்னிடம் விட வேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. மனைவி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் திங்கள் முதல் வெள்ளி வரை நான் என்ன செய்வது?

ஆகவே நிறுக்கும் நாளன்று காலையில் ஒரு தந்திரம் செய்தேன். முதலில் இடியப்பமும் சொதியும், பிறகு முட்டை மஞ்சட்கரு, பிறகு ஒரு கதலிப் பழம், போகும் வழிக்குப் பால். வயிற்றில் இருப்பதும் சேர்ந்ததுதானே நிறை. மகளும் வஞ்சகமில்லாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

கிளினிக் வாசலில் மற்ற அப்பாமார் மோட்டார் சைக்கிளில் இருந்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே, அம்மாமார் வரிசையில் நான் ஒருவன். எங்கள் முறை வந்து, தூக்குத் தராசின் துணிப்பையில் மகளை இருத்தக் குனிந்தேன். காலைச் சாப்பாடு முழுவதும் என் சேட்டுக்கு வந்து சேர்ந்தது. நிறை கூடியது எனக்குத்தான். பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு துவாய் தந்தார்.

முள் போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது. மருத்துவமாதுவை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். வெளிக்கிட முதல் பிள்ளைக்கு என்ன கொடுத்தனீங்கள் என்று மிஸி கேட்டார். பட்டியலோடு தமக்கையாரின் தீர்ப்பையும் சொன்னேன். பேனையை வைத்துவிட்டு நன்றாகச் சிரித்தார். பிறகு வளர்ச்சி அட்டையை என் பக்கம் திருப்பினார். கடைசிப் புள்ளியைத் தவிர அதில் நான் எதையும் பார்த்ததில்லை.

“தம்பி, காய்ச்சல் வந்து எழும்பின பிள்ளை, நிறை ஏற நாள் எடுக்கும். ஏழாம் மாசத்திலையும் இறங்கித்தான் ஏறினது, பாருங்கோ. அப்ப ஆர் வளத்தது?”

ஏழாம் மாதம் மனைவி லீவில் நின்ற காலம். நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

பின்னேரம் அவள் வந்து, கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நிறையைக் கேட்டாள். ஏறவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். பிள்ளையை வாங்கிக் கொஞ்சிவிட்டு, “அக்காவோடை நான் கதைக்கிறன். பிள்ளை உங்களோடைதான் நிக்கும்” என்றாள். அந்தத் தெம்பில், ஏழாம் மாதம் இறங்கியதை ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“அண்டைக்குக் கிளினிக்காலை அழுதுகொண்டுதான் வந்தனான். நீங்கள் கேக்கேல்லை.”

கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்தப் பத்து மாதமும் வேலையால் வந்தவுடன் நான் கேட்டது தேத்தண்ணி மட்டும்தான்.