இடது பக்க சீட்

என் அப்பாவை எங்கள் ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பிரேக் மாஸ்டர் என்றால்தான் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். இருபது வருடமாக ஒரே வெள்ளைக் கார், ஒரே இடது பக்க சீட். வலது பக்கம் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவருக்கு வியர்த்துக் கொட்டும். அப்பாவோ கையைக் கட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். ஏனென்றால் அவர் காலுக்கடியிலும் ஒரு பிரேக் இருந்தது. ஊரில் பாதிப் பேர் உயிரோடு இருப்பது அந்தப் பிரேக்கால்தான் என்பாள் அம்மா. மீதிப் பாதி தெருவில் நடந்து போகிறவர்கள், அவர்களும் அதனால்தான்.

அவருக்கு வலது செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துபோகும். பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்தாலும் கால் தரையை அழுத்தும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவில் இருந்தபடியே பிரேக் போடுவார். "ஏங்க, அது டிவிங்க" என்று அம்மா சொன்னால், "தெரியும், ஆனா அவன் ரொம்ப வேகமாப் போறானே" என்பார். பாடம் ஆரம்பிக்கும்போது பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைத் திருப்பி, வலது பக்கம் பார்த்து, "ம், எடும்மா" என்பார். ஆணாக இருந்தாலும் "எடும்மா"தான். கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

போன வருடக் கடைசியில் டீச்சரம்மா வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். ஐம்பது வயதுக்கு மேல் கார் ஓட்ட ஆசைப்பட்ட தைரியசாலி. ஒரு நாள் காலை, சரிவில் இறங்கும்போது பிரேக்குக்குப் பதில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். அப்பாவும் மிதித்தார், ஆனால் கண் சிமிட்டும் நேரம் தாமதம். கார் நேராகப் போய் மரக்கடைச் சுவரில் மோதியது. டீச்சரம்மாவுக்கு மணிக்கட்டு முறிந்தது. அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கும் ஒரு கீறல் விழுந்திருந்தால் மனுஷன் சீக்கிரம் தேறியிருப்பார் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

காரைச் சரி செய்து கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள். அப்பா போய் இடது பக்கம் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வலது கால் ஆட ஆரம்பித்தது. கொஞ்சநஞ்சமில்லை, பிரேக் பெடல் தடதடவென்று சத்தம் போட்டது. இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அப்புறம் காருக்குத் துணியைப் போட்டு மூடினார். டாக்டர் காலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "கால்ல ஒண்ணும் இல்ல மாஸ்டர்" என்றார். அது எங்களுக்கும் தெரியும்.

பழக வந்தவர்களிடம், "வண்டி வொர்க்ஷாப்புல இருக்கு" என்பார். வாசலில் நிற்கிற அந்த வண்டியின் மேலேயே சாய்ந்துகொண்டு சொல்வார். ஊரும் நல்ல ஊர், "அப்படியா மாஸ்டர், வரட்டும் வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். டீச்சரம்மா கையில் கட்டோடு வந்து, "என்னாலதான் எல்லாம். இனிமே நான் ஸ்டியரிங்கையே தொடமாட்டேன்" என்று அம்மாவிடம் அழுதுகொண்டிருந்தபோது, அப்பா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

வேலை இல்லாத அப்பாவை வீட்டில் வைத்துச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. அம்மா தோசை திருப்பினால் பின்னால் நின்று, "மெதுவா, மெதுவா" என்பார். "நான் என்ன லாரியா ஓட்டுறேன்?" என்று அம்மா கரண்டியை ஓங்குவாள். மாதங்கள் போகப் போக அந்த "மெதுவா"வும் குறைந்தது. பேச்சே குறைந்தது. ரெண்டு செருப்பும் ஒரே மாதிரி தேய ஆரம்பித்தது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அம்மா மெல்லக் கீழே வைத்ததை நான் பார்த்தேன்.

எதிர்த் தெருவில் இன்னொரு டிரைவிங் ஸ்கூல் நடத்தும் மீசைக்காரர், காரையும் ஸ்கூலையும் தானே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி அனுப்பினார். அப்பா சம்மதித்துவிட்டார். அண்ணன் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கு எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் வந்திருந்தது. போய்விட்டு வந்ததும் கையெழுத்து.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வித்துட்டு என்ன பண்ணுவீங்க? ஜன்னல் கம்பிய எண்ணுவீங்களா?" என்று கேட்டேன்.

"உனக்கு என்னடி தெரியும்? கால் என்னுது" என்றார்.

எனக்கு உள்ளுக்குள் பயமாக இருந்தது. அந்த சீட்டிலிருந்து ஒரேயடியாக இறங்கிவிட்டால் அப்பா அப்பாவாக இருக்கமாட்டார். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அந்த நகரத்தில் எல்லாமே இடம் மாறிக் கிடந்தது. வண்டிகள் சாலையின் வலது பக்கமாக ஓடின. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது. தெருவைக் கடக்க நான் ஒரு பக்கம் பார்த்தால் வண்டி இன்னொரு பக்கமிருந்து வந்தது. அண்ணன் என் சடையைப் பிடித்து இழுத்து, "இங்க முதல்ல இடது பக்கம் பாக்கணும், பட்டிக்காடு" என்றான். அவன் காரில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். நம் ஊர்க் கணக்குப்படி அது டிரைவர் சீட். அம்மா கைப்பையை ஸ்டியரிங் மாதிரி பிடித்துக்கொண்டு வழியெல்லாம், "ஐயோ, ஐயோ" என்று ஓட்டிக்கொண்டே வந்தாள். அப்பா பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டார்.

அண்ணன் வீடு நாலாவது மாடியில் இருந்தது. ஜன்னல் ஒரு சாண்தான் திறக்கும். கீழே பெரிய நாற்சந்தி. அவ்வளவு வண்டி போகிறது, ஒரு ஹாரன் சத்தம் கிடையாது. முதல் நாள் எனக்குக் காது அடைத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தது. டிராமில் ஒரு நாய் அம்மா பக்கத்தில் வந்து பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்தது. அம்மா அதற்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

ஆனால் அப்பாவை மயக்கியது வெள்ளைக் கோடுதான். நடக்கிறவர் கோட்டில் கால் வைத்தால் போதும், எல்லா வண்டியும் நின்றுவிடும். அப்பாவால் நம்ப முடியவில்லை. காலை வைத்தார், கார் நின்றது. எடுத்தார், கார் கிளம்பப் பார்த்தது. மறுபடி வைத்தார். உள்ளே இருந்தவர் ரெண்டு கையையும் விரித்து, 'ஐயா, வரப்போகிறீரா இல்லையா' என்கிற மாதிரி பார்த்தார். நான் அப்பாவைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன். வெட்கம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. அன்றிலிருந்து அவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு கீழே போகிறவர்களுக்கு மார்க் போட ஆரம்பித்தார். "அந்தப் பச்சைக் கார் பாரு. இண்டிகேட்டரப் போட்டுட்டு யோசிக்குது. பத்துக்கு அஞ்சு."

"நீங்க அண்ணன் கார்ல முன்னாடி உக்காருங்களேம்பா" என்று மெதுவாக ஆரம்பித்தேன். அவர் முகம் சட்டென்று சுருங்கிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"விட்டுடு பாப்பா" என்றான் அண்ணன், சமையலறைக்குள் வந்து. "வித்துட்டு நிம்மதியா இருக்கட்டும்."

"அது நிம்மதி இல்லடா" என்றேன். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், திரும்பவே இல்லை.

ஊருக்குக் கிளம்ப ரெண்டு நாள் இருந்தபோது அண்ணனுக்கு வேலை. நாங்கள் மூன்று பேரும் தனியாகக் கடைத்தெருவுக்குப் போனோம். அம்மா ஒரு இரும்புச் சட்டி வாங்கினாள். கனமென்றால் அப்படி ஒரு கனம். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு வரும்போதே திட்ட ஆரம்பித்துவிட்டார். திடீரென்று மழை வேறு. டாக்ஸியைப் பிடித்தோம். முடியை ஒட்ட வெட்டிய, வாட்டசாட்டமான ஒரு பெண்தான் டிரைவர். இறங்கி வந்து சட்டியை வாங்கி டிக்கியில் வைத்தார். நானும் அம்மாவும் பின்னால் ஏறிக்கொண்டோம்.

அப்பா திட்டுவதை நிறுத்தவில்லை. "ஏரோப்ளேன்ல ஏத்துற சாமானா இது? நம்ம ஊர்ல இல்லாத சட்டியா?" என்று சொல்லிக்கொண்டே காரைச் சுற்றி முன்பக்கம் போனார். இடது பக்கக் கதவைத் திறந்தார். உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டார். கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பினார். வலது பக்கம் பார்த்து, "ம், எடும்மா" என்றார்.

வலது பக்கம் யாரும் இல்லை.

அப்போதுதான் தன் நெஞ்சுக்கு நேரே இருந்த ஸ்டியரிங்கைப் பார்த்தார். வெளியே டிரைவரம்மா மழையில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். போச்சு, மானம் கப்பலேறப் போகிறது என்று நான் நினைத்தேன். அந்தம்மா என்ன செய்தார் தெரியுமா? சுற்றிக்கொண்டு போய் வலது பக்கக் கதவைத் திறந்து ஏறி, பெல்ட்டைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தன் பாஷையில் ஏதோ சொல்லி, சாலையைப் பார்த்துக் கையை நீட்டினார். பாஷை தெரியாவிட்டால் என்ன, 'கிளம்புங்க சார், போகலாம்' என்பது நன்றாகவே புரிந்தது.

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் நான். அப்புறம் அப்பா. அவர் தோள் குலுங்கச் சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று! சிரித்துக்கொண்டே நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். அவருடைய வலது கால் பிரேக்கின் மேல் இருந்தது.

"அப்பா, கால்" என்றேன்.

அவரும் குனிந்து பார்த்தார். கால் பிரேக்கை அழுத்தியபடி அப்படியே இருந்தது. அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டாள். என்ன விஷயம் என்று தெரியாமலே டிரைவரம்மாவும் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். கொஞ்ச நேரம் நாலு பேரும் ஒரு காலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏங்க..." என்றாள் அம்மா. "ஆடல."

"ஆமா, ஆடல" என்றார் அப்பா. "நான் யோசிக்கவே இல்லடி. சட்டியத் திட்டிக்கிட்டே வந்து உக்காந்துட்டேன்."

இறங்கி, டிரைவரம்மாவுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஏறியதும் அப்பா பின்னால் எங்களிடம் வரவில்லை. சுற்றிப் போய் முன் சீட்டில் உட்கார்ந்தார். வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் அவர் கால் தரையை அழுத்தியது. ரெண்டாவது சிக்னலில் டிரைவரம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்குப் பிறகு அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுத்தான் தன் பிரேக்கைப் போட்டார். இறங்கும்போது அப்பா ரெண்டு கை விரல்களையும் விரித்துப் பத்து என்று காட்டினார். முழு மார்க்கு!

வீட்டில் அண்ணனிடம் கதையைச் சொன்னது அம்மாதான். அவள் சொன்ன கதையில் டாக்ஸி கொஞ்சமாகவும் சட்டி அதிகமாகவும் வந்தது. "அந்தச் சட்டிய மட்டும் நான் வாங்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நாலு தரம் சொன்னாள். அண்ணன் என்னைப் பார்த்து, "நீ சொன்னது சரிதான் தாயே" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அப்பா போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். மீசைக்காரருக்கு என்று நினைத்து நான் பின்னாலேயே போனேன். மீசைக்காரருக்கு இல்லை.

"டீச்சரம்மா, நான் மாஸ்டர் பேசுறேன். கை எப்படி இருக்கு? ... அதெல்லாம் இருக்கட்டும்மா. உங்களுக்கு இன்னும் கிளாஸ் பாக்கி இருக்கு. திங்கக்கிழமை காலைல வந்துடுங்க."

அந்தப் பக்கம் டீச்சரம்மா நிறையப் பேசினார். நடுவில் அழுதார் போல. அப்பா ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டார்.

"மாத்தி மிதிச்சா மிதிங்களேன்" என்றார். "அதுக்குத்தான பக்கத்துல நான் இருக்கேன்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "மீசைக்கு நான் போன் பண்ணிக்கிறேன்" என்றாள்.

டீச்சரம்மா இன்னும் ஏதோ கேட்டார். அப்பா எங்கள் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"வண்டியா? அது வொர்க்ஷாப்புல இருந்து வந்துடுச்சும்மா."