தாழி பார்க்க நாள் குறித்தது

அக்காவைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்று அப்பா, அம்மா, அக்கா, நான் நால்வரும் வீட்டில் இருந்தோம். பெரியப்பா இல்லை. அவர் வீடு அடுத்த தெருவில்தான்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் காப்பியைக் குடித்துவிட்டு, மூத்தவர் எங்கே என்று கேட்டார். ஃபயர் ஆபீஸில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், சீசன், லீவு கிடைக்கவில்லை என்றார் அப்பா. மாமன் நம்பவில்லை.

"ஆவணி மொத முகூர்த்தத்துல தட்டு மாத்துவோம். உங்க அண்ணன் கையாலதான் வாங்குவோம். அவுக வரலைன்னா நாங்க வேற எடம் பாக்கணும், கோவிச்சுக்கிடாதீக."

அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

அப்பாவும் பெரியப்பாவும் பேசி வருடங்கள் ஆகியிருந்தன. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டுப் புஞ்சை உண்டு. அதில் எருக்குழி வெட்டும்போது அப்பாவின் கடப்பாரை ஒரு முதுமக்கள் தாழியில் போய் இடித்தது. தகவல் போய், பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்து மூடியோடு தூக்கிப்போனார்கள். வேலைக்குப் போயிருந்த பெரியப்பா திரும்பி வந்து பார்த்தது வெறும் குழியைத்தான். அதே வருடம் எங்கள் ஓலை வீடு காரை வீடானது. அம்மாவும் அக்காவும் தீப்பெட்டி ஆபீஸில் ராப்பகலாக உழைத்த காசு அது. டீக்கடையில் மட்டும் தாழிக்குள் தங்கம் இருந்ததாகப் பேச்சு. ஊர் பேசியதைப் பெரியப்பா நம்பினார். அப்பாவுக்கு ஆறாதது அதுதான்.

நான் எம்.ஏ. தொல்லியல் சேர்ந்தது அந்தப் பல்கலைக்கழகத்தில். எங்கள் துறையின் மியூசியத்தில் அந்தத் தாழி எங்கள் ஊர்ப் பெயரோடு நின்றது. உள்ளே இருந்ததெல்லாம் பக்கத்திலேயே கண்ணாடிப் பெட்டியில். அம்மாவிடம் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "பெரிய அத்தானைக் கூட்டிட்டுப் போய்க் காட்ட முடியுமா?"

பெரியப்பா வீட்டுக்கு நான்தான் தூது போனேன். மாப்பிள்ளை வீட்டார் சொன்னதையும் மியூசியத்தில் இருக்கும் தாழியையும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், மழை நாளாக இருந்தால் வருவதாகச் சொன்னார். அதில் எனக்கு ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. வெடி காய வெயில் வேண்டும். காலையில் தூறினால் கம்பெனி வேன் பாதி வழியில் ஆட்களைத் திருப்பி அனுப்பிவிடும். ஆஸ்பத்திரி, துக்கம் விசாரிப்பது, பொண்ணு பார்ப்பது எல்லாமே எங்கள் பக்கம் மழை நாளில்தான். ஆகவே மியூசியத்துக்கு அனுமதி கேட்டு எழுதிய கடிதத்தில், தேதி என்ற இடத்தில், மழை பெய்யும் நாளில் வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தேன்.

பொறுப்பாளரான பேராசிரியர் இரண்டு தடவை படித்தார்.

"மழை பெஞ்சா நான் பூட்டிட்டுப் போயிருவேன் தம்பி. கூரை ஒழுகுது. பெட்டி மேலெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிருவோம். ஞாயித்துக்கிழமையும் கெடையாது. தேதி போட்டுக் குடு."

ஆடி பாதி போயிருந்தது. அடுத்த புதன்கிழமை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பஸ்ஸில் சாத்தூர் வரும்போதுதான் யோசித்தேன். சீசனில், வெயில் அடிக்கும் புதன்கிழமை எவன் வேலையை விட்டு வருவான்?

தேதியைக் கேட்டுவிட்டுப் பெரியப்பா பீடிக்கட்டைத் தட்டினார்.

"நான் ஒருத்தன் பாத்து என்னலே ஆகப்போவுது? பேசுன வாய் அம்புட்டும் வந்து பாக்கட்டும். உங்கப்பன் கூட்டிட்டுப் போவானா?"

டீக்கடைக்காரர் உட்பட ஏழு பேரைச் சொன்னார். வேன் பிடிக்க வேண்டும், வருகிறவர்களுக்கு அன்றைய கூலி கொடுக்க வேண்டும், சாப்பாடும் போட வேண்டும். வீட்டில் சொன்னபோது அம்மா, பேசினவர்களுக்கே கூலியா என்று கொதித்தாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேன்காரனைப் பார்க்கப் போய்விட்டார்.

புதன்கிழமை விடிந்தபோது வானம் கறுத்திருந்தது. மழைக்காக ஏங்குகிற ஊரில் அப்பாவும் அம்மாவும் நானும் வாசலில் நின்று, பெய்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தோம். வேனில் பெரியப்பா முன் சீட்டில் ஏறினார். அப்பா கடைசி சீட்டுக்குப் போனார். விருதுநகர் தாண்டும்போது கண்ணாடியில் தூறல் விழுந்தது. "கூலியும் போச்சு, தாழியும் போச்சு" என்று டீக்கடைக்காரர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. திருமங்கலத்தில் வெயில் வந்த பிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

பேராசிரியர் கதவைத் திறந்து வைத்திருந்தார். பத்துப் பேரும் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுப் போனோம். கண்ணாடிப் பெட்டியில் துருப்பிடித்த இரும்புத்துண்டு, இரண்டு சின்னக் கலயம், கொஞ்சம் எலும்பு. டீக்கடைக்காரர் குனிந்து பெட்டிக்கு அடியிலும் பார்த்தார். பெரியப்பா தாழியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்.

"மூடிய எங்கன வச்சுத் தெறந்தீக?"

"இதே ரூம்லதாங்க. உள்ள மண்ணு கெட்டியா அடைச்சிருந்தது, அதுவரைக்கும் யாரும் கை வச்சதில்ல. சுரண்டி எடுக்கவே ஒரு வாரம் ஆச்சு" என்ற பேராசிரியர், சுவரில் இருந்த போட்டோவைக் காட்டினார். மூடி திறந்த தாழியில் வாய்வரைக்கும் மண். சுற்றிலும் மாணவர்கள்.

பெரியப்பா அந்தப் போட்டோவின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு டீக்கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் செருப்பைத் தேடி வாசலுக்குப் போய்விட்டார்.

சாப்பிட்டு முடித்துத் திரும்பும்போது பெரியப்பா முன் சீட்டில் ஏறவில்லை. நேராகக் கடைசி சீட்டுக்கு வந்து, என்னை நகரச் சொல்லி, அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். வேன் கள்ளிக்குடியைத் தாண்டியது. அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாஞ் சேத்து எம்புட்டுலே ஆச்சு? தட்டு மாத்த வரும்போது தாரேன்" என்றார் பெரியப்பா.

அப்பா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினார்.

"ரெண்டாயிரத்து நூத்தி அம்பது ரூவாண்ணே."