மாமா விளையாடிய கோட்டை

அம்மாவின் தம்பி வீட்டுக்குள் நுழைந்தாலே எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும். அப்படிப்பட்ட மாமா ஒருமுறை பல மாதங்கள் வரவே இல்லை. பாலைவனத்தில் தூரத்து சைட்டில் வேலை, அங்கே போன் கிடையாது என்றாள் அம்மா. விசா கொடுத்து வேலைக்கு வைத்திருந்த அரபி முதலாளி, அந்தக் கஃபீல், பொய்ப் புகார் கொடுத்து அவரை ஜெயிலில் தள்ளியிருந்தது எனக்குப் பெரியவளான பிறகுதான் தெரியும். நர்ஸ் வேலை பார்க்கும் அம்மா பொய் சொல்வாளா என்று அப்போது நம்பிவிட்டேன்.

திரும்பி வந்தவரிடம் கேலியும் இல்லை, பேச்சும் இல்லை. தட்டில் வைத்ததை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். அம்மா சமையலறையில் அழுதாள். எனக்கோ எரிச்சல். எப்படியாவது மாமாவை என்னோடு விளையாட வைத்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அப்பா எங்களை அல் ஐன் ஊரில் ஒரு பழைய மண்கோட்டைக்குக் கூட்டிப்போனார். டிக்கெட் கிடையாது என்பதைத் தவிர அதைப்பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரும் அம்மாவும் முற்றத்து நிழலில் உட்கார்ந்துவிட, மாமாவை நான் உள்ளே இழுத்துப் போனேன்.

குனிந்துதான் நுழைய வேண்டும். ஜன்னல் இல்லாத அறை. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே சுவர் சில்லென்று இருந்தது. சாவிக்கொத்தோடு வந்த காவலாளி இந்தியில் கதை சொன்னார். அந்தக் காலத்தில் இது ஜெயிலாம். ஒரே மரக்கட்டையில் இரண்டு பேர் காலை மாட்டிவைப்பார்களாம். ராத்திரி ஒருவன் செத்தால், விடியும்வரை மற்றவன் பிணத்தோடுதான் கிடக்க வேண்டுமாம். மாமா காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றி, தினமும் வைக்கும் இடம் போல, ஒரு மூலையில் ஒழுங்காக வைத்தார்.

தொழுகை நேரம் வந்ததும் காவலாளி வாசலில் நின்று, முடிந்தது, கிளம்புங்கள் என்று சாவியைக் குலுக்கினார். "கலாஸ், யல்லா."

மாமா வெளியே வரவில்லை. சட்டென்று சுவரைப் பார்த்துக் குத்தவைத்து, இரண்டு கைகளையும் தலைமேல் வைத்துக்கொண்டார். நானும் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தேன்.

"திரும்பாத மக்ளே," என்றார் மெல்ல. "எண்ணிட்டுப் போயிருவாங்க."

எங்கள் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. பயந்துகொண்டே திரும்பினேன். எங்களைத் தேடி வந்த அம்மா வாசலில் நின்றிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அம்மா, நீயும் வா. மாமா வெளையாட ஆரம்பிச்சாச்சு."

அம்மா வந்து, மாமாவின் மறுபக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அவளுக்கும் விளையாட ஆசை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.